கொம்பனிய டேக் பண்ணுறதுக்கு முன்னால

ஆசிரியர் அவர்களுக்கு,

யாராவது பேஸ்புக்ல ஒரு மோசமான கதை எழுதினா, இல்லாட்டி பஸ்ஸில சண்டை பிடிக்கிற வீடியோ ஒண்டு டிக்டொக்ல வந்தா, இப்ப ஆக்கள் முதல்ல தேடுறது அந்த ஆள் எங்க வேலை செய்யிறார் எண்டுதான். லிங்க்ட்இன்ல பேரப் போட்டா கொம்பனி வந்துடும், பிறகு கொம்பனிட பேஜுக்குப் போய் இப்படியான ஆளையா வேலைக்கு வெச்சிருக்கீங்க எண்டு வரிசையா கொமெண்ட், அடுத்த நாள் காலையில இவர் இனி எங்கட ஊழியர் இல்ல எண்டு கொம்பனி ஒரு நோட்டீஸ் போடும், எல்லாரும் லைக் போடுவாங்க. நான் போட மாட்டன். வேலைக்கு வெளியில ஒருத்தர் சொன்னதுக்கோ செய்ததுக்கோ, அது அவர்ட வேலையத் தொடாத வரைக்கும், சம்பளத்தில கை வைக்கிற உரிமை கொம்பனிக்கு இல்ல எண்டுதான் நான் சொல்றன், அந்த ஆள் எனக்கு அறவே பிடிக்காத ஆளா இருந்தாலும் அதேதான்.

கோட்டையில ஒரு கொம்பனில பர்சனல் டிப்பார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான், ஆக்கள நிப்பாட்டுற லெட்டர் எத்தனையோ டைப் பண்ணியிருக்கிறன், அதால வேலையாளுக்காக மட்டும் கதைக்கிற ஆள் எண்டு நினைக்க வேணாம். அந்தக் காலத்துல கள்ளக் கணக்கு எழுதின ஆளுக்குக்கூட ஒரு ஒழுங்கு இருந்துச்சு. முதல்ல விளக்கம் கேக்கிற ஷோ கோஸ் லெட்டர், பதில் எழுத டைம், பதில் சரியில்லாட்டி சார்ஜ் ஷீட், பிறகு வெளியில இருந்து ஒரு லோயரோ ரிட்டயர் ஆன லேபர் ஒபிசரோ வந்து இன்க்வயரி வைப்பார், சாட்சி கேப்பாங்க, அந்த ஆளும் தன்ட பக்கத்து சாட்சியக் கூட்டிட்டு வரலாம். இடையில வேலைக்கு வராதீங்க எண்டு சஸ்பெண்ட் பண்ணி வைக்கலாம், அதுல தப்பில்ல. கடைசி காலத்துல நான் பார்த்தது வேற. வீடியோ விஷயம் எண்டா எங்கட டிப்பார்ட்மெண்டுக்கு வாறதுக்கு முன்னமே மார்க்கெட்டிங் ஆக்கள் முடிவெடுத்துட்டு வருவாங்க, நாங்க லெட்டர அடிச்சுக் குடுத்தா போதும். அவங்களுக்குப் பயம் அந்த ஆள் என்ன செய்தார் எண்டதில்ல, பேஜ்ல எத்தனை கொமெண்ட் வந்திருக்கு எண்டதுதான். காசு அடிச்சவனுக்கு மாசக்கணக்குல விசாரணை, கொமெண்ட் எழுதினவனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்ன லெட்டர்.

இதெல்லாம் நம்மட நாட்டு சட்டத்துக்கே சரிவராது எண்டது நிறையப் பேருக்குத் தெரியாது. 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 15 பேர், அதுக்கு மேல வேலை செய்யிற இடத்துல, 180 நாள் வேலை செய்த ஒரு ஆள ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம நிப்பாட்டுறதா இருந்தா அவரே எழுத்துல சம்மதிக்கணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர்ட அனுமதி முன்கூட்டியே எடுக்கணும். ஒழுக்காற்று நடவடிக்கை எண்டு நிப்பாட்டினா காரணத்த இரண்டாவது வேலை நாள் முடியிறதுக்குள்ள எழுத்துல குடுக்கணும். சின்னக் கடையில வேலை செய்யிறவரும் ஆறு மாசத்துக்குள்ள லேபர் ட்ரிப்யூனலுக்கு, அதாவது தொழில் நியாய சபைக்குப் போகலாம், நிப்பாட்டினது நான்தான் எண்டு கொம்பனி ஒத்துக்கிட்டா ஏன் நிப்பாட்டினோம் எண்டு நிரூபிக்க வேண்டியதும் கொம்பனிதான். எங்கட பிராண்டுக்குக் கெட்ட பேர் எண்டு அங்க போய்ச் சொன்னா, அந்த ஆள்ட வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேள்வி வரும். வழக்கு வருஷக்கணக்கா இழுபடுறது வேற கதை.

அமெரிக்காவுல பாருங்க எண்டு சில பேர் சொல்றாங்க, அங்க உடனே தூக்குறாங்களாம். ஓம், தூக்குறாங்க, ஏனெண்டா அங்க மொன்டானா எண்ட ஒரு ஸ்டேட்டத் தவிர மற்ற எல்லா இடத்துலயும் காரணமே சொல்லாம ஆள நிப்பாட்டலாம் எண்டதுதான் பொது வழக்கம். அதுல என்ன நடக்குது எண்டும் பார்க்கணும். 2020 ஜூன்ல சான் டியேகோவில காஸ், கரண்ட் கொம்பனி ஒண்டில வேலை செய்த ஒரு ட்ரைவர், லொறி ஜன்னலுக்கு வெளியில தொங்கப் போட்டிருந்த கையோட விரல ஒருத்தர் படம் எடுத்து இது வெள்ளை இனவாதிகள்ட சைகை எண்டு ட்விட்டர்ல போட்டார். விரல் நெட்டி முறிச்சனான் எண்டு அந்த மனுசன் சொன்னதக் கேக்க ஆளில்ல, சில நாள்ல வேலை போச்சு, படம் போட்டவர் பிறகு அத அழிச்சிட்டார், ஆனா போன வேலை போனதுதான். அவர் வெள்ளைக்காரர்கூட இல்ல. 2025 ஜூலையில கோல்ட்ப்ளே எண்ட பாட்டுக் குழுட கச்சேரியில, ஒரு பொம்பிளையக் கட்டிப்பிடிச்சபடி பெரிய ஸ்க்ரீன்ல மாட்டின அமெரிக்கக் கொம்பனி சிஇஓ கதை எல்லாருக்கும் தெரியும், எங்கட வீட்டு வட்ஸ்அப் குரூப்ல ஒரு கிழமைக்கு அந்த மீம்தான். அவருக்கு லீவு குடுத்தாங்க, போர்ட் விசாரணை வெச்சாங்க, அவரா ரிசைன் பண்ணிப் போனார். கூட நிண்டது அதே கொம்பனிட எச்.ஆர் தலைவி, அதால அது வேலை சம்பந்தப்பட்ட விஷயம், விசாரிச்சது சரிதான் எண்டு நான் சொல்லுவன். ஆனா சிஇஓவுக்குக் குடுத்த விசாரணைய லொறி ட்ரைவருக்கும் ஒழுங்கா வெச்சிருந்தா என்ன?

நம்மட நாட்டுலயே டொக்டர் ஷாபி இருக்கிறார். 2019 மே மாசம், ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாசம்தான், குருநாகல்ல ஒரு டொக்டர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் களவா கருத்தடை செய்தாராம் எண்டு ஒரு சிங்களப் பத்திரிகை முன்பக்கத்துல போட்டுச்சு, மனுசன பிடிச்சு உள்ள போட்டாங்க, கட்டாய லீவுல அனுப்பினாங்க. சிஐடி கோர்ட்டுல அதுக்கு ஆதாரம் இல்ல எண்டு சொல்லியும் அவர் திரும்ப வேலைக்குப் போக வருஷக்கணக்கு எடுத்துச்சு. 2022ல நிலுவைச் சம்பளம் கிடைச்சப்ப, நாட்டில மருந்து இல்லாத நேரம் அது, அந்தக் காச மருந்து வாங்க அப்படியே குடுத்துட்டார். அவர் அரசாங்க ஊழியர், அதால பைல் எண்டு ஒண்டு இருந்துச்சு, சம்பளம் திரும்பி வந்துச்சு. அதே கதை ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில நடந்திருந்தா முதல் நாள் பின்னேரமே ஆள் வெளியில. பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பில 14ஆவது உறுப்புரையில இருக்கு எண்டு படிச்சாலும், அடிப்படை உரிமை வழக்கு போடுறது அரசாங்கத்துக்கு எதிராத்தான், பிரைவேட் முதலாளிக்கு எதிரா இல்ல.

எங்கட ஆக்களுக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான். ஒரு இனவாதிட பொஸ்ட எடுத்து அவன்ட பேங்குக்கு அனுப்பி வேலையப் பறிச்சா எங்களுக்கும் சந்தோசம்தான், எனக்கும் அந்த ஆசை வரும். ஆனா நவம்பர் மாசம் ஒண்டும் வருது. மாவீரர் நாளுக்கு விளக்கு கொளுத்தின படத்த ஷெயார் பண்ணின தமிழ்ப் பிள்ளைய யாரோ ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அவள்ட ஒபிசுக்கு அனுப்பினா அந்த எச்.ஆர் என்ன செய்யும்? 2024 நவம்பர்லயும் இப்படியான பேஸ்புக் பதிவுகளுக்கு ஆக்கள பொலிஸ் பிடிச்சது ஞாபகம் இருக்கும். கொழும்புல பெரிய ஒபிஸ்கள்ல எங்கட எண்ணிக்கை எவ்வளவு, முறைப்பாடு போடுறவங்கட எண்ணிக்கை எவ்வளவு எண்டு யோசிங்க. கொமெண்ட் எண்ணி வேலையால தூக்குற பழக்கம் வந்தா, எண்ணிக்கை குறைஞ்ச ஆக்கள்தான் முதல்ல போவாங்க. அரசாங்க ஊழியருக்கோ 2022 செப்டெம்பர்லயே சோசல் மீடியால கருத்துச் சொன்னா ஒழுக்காற்று நடவடிக்கை எண்டு சுற்றறிக்கை வந்துட்டு, அரகலய போராட்டம் முடிஞ்ச கையோட.

அப்ப எதுக்குமே நிப்பாட்டக் கூடாதா எண்டு கேப்பீங்க. வேலையத் தொட்டா நிப்பாட்டலாம். இன்ன சாதி, இன்ன சமயத்து ஆக்களுக்கு வைத்தியம் பார்க்க மாட்டன் எண்டு எழுதின நர்ஸ், கஸ்டமர்ட ரிப்போர்ட்ட ஒன்லைன்ல போட்ட ஆள், ஆள் எடுக்கிற பொறுப்புல இருந்துகொண்டு ஒரு இனத்தையே கேவலமா எழுதுற மெனேஜர், பிள்ளைகளோட தப்பா நடந்த டீச்சர், இவங்களுக்கெல்லாம் இன்க்வயரி வெச்சு, நிரூபிச்சா வீட்ட அனுப்புங்க. பக்கத்து வீட்டுக்காரனோட பார்க்கிங்குக்குச் சண்டை பிடிச்சு கெட்ட வார்த்தை பேசின கணக்காளர்ட விஷயத்துல கொம்பனிக்கு என்ன வேலை?

இன்னொரு தந்திரம் இருக்கு. சட்டம் தெரிஞ்ச கொம்பனி நிப்பாட்டாது, ஆள ரூமுக்குக் கூப்பிட்டு, நீங்களா ரிசைன் பண்ணுங்க, இல்லாட்டி சேர்விஸ் லெட்டர்ல இத எழுத வேண்டி வரும் எண்டு சொல்லும், சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு தனிப்பட்ட காரணம் எண்டு எழுதிக் குடுத்துட்டு வந்துடும், அதுக்குப் பிறகு பலவந்தப்படுத்தித்தான் எழுதினன் எண்டு ட்ரிப்யூனல்ல காட்டுறது லேசான காரியமில்ல. அந்த லெட்டர் பெரும்பாலும் இங்கிலீஷ்ல வேற. தயவுசெஞ்சு அதே நாள்ல ஒண்டும் கையெழுத்து வைக்காதீங்க, நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களம் இருக்கு, அங்க போய்க் கேளுங்க, அங்க கேக்கிறதுக்குக் காசு இல்ல.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். வீடியோ வந்த அண்டைக்கே அந்த ஆள்ட படத்தையும் வேலை செய்யிற இடத்தையும் போடுறீங்க, பேஸ்புக்ல வந்ததத்தான் போட்டோம் எண்டு சொல்லலாம், ஆனா பேப்பர்ல வந்தா கொம்பனிக்காரன் அதக் கட் பண்ணி பைல்ல வைப்பான், அதுக்கு மதிப்பே வேற. வேலை செய்யிற இடத்தோட பேர், செய்தியோட சம்பந்தம் இல்லாட்டிப் போடாதீங்க. போட்டா, ஆறு மாசம் கழிச்சு அந்த விசாரணை எப்படி முடிஞ்சுது எண்டதையும் அதே பக்கத்துல, அதே அளவுல போடுங்க.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்
கொழும்பு 13