கௌபாய் படங்களில் பழிவாங்கல்: சென்ற இதழ்க் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடும்பத்தைக் கொன்றவர்களைத் தேடிப்போய்க் கதாநாயகன் சுட்டுத் தள்ளுவான், ஊர் கைதட்டும், படம் முடியும். பழிவாங்கலைக் கூச்சமே இல்லாமல் கொண்டாடிய படங்கள் அவை என்பது அதன் வாதம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி வந்த பிறகுதான் அந்தக் கதைக்குக் கனம் வந்தது என்கிறார் கட்டுரையாளர். சுவையாக எழுதியிருக்கிறார். ஆனால் 1950களின் படங்களை அவர் இப்படி ஒரே மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்தது சரியில்லை.

முதலில் கட்டுரையில் விட்டுப்போன ஒரு சங்கதி. ஹாலிவுட் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தணிக்கை விதிகள் 1930இல் வந்தன, 1934 முதல் கறாராக அமலாயின. நிகழ்காலக் கதைகளில் பழிவாங்கலை நியாயப்படுத்தக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கூடவே ஒரு சலுகையும் இருந்தது. நாகரிகம் முதிராத காலத்தில், குற்றத்தைத் தண்டிக்கச் சட்டமே இல்லாத இடத்தில் நடக்கும் கதை என்றால் காட்டலாம். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் முடியாததை அரிசோனாவிலும் டெக்சாஸிலும் செய்துகொள்ளலாம் என்று ஆனது. கௌபாய் படங்களில் பழிக்கதை இவ்வளவு மண்டிக் கிடப்பதற்கு இந்தச் சந்து ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கிடைத்த சலுகையை நல்ல இயக்குநர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் கட்டுரையாளரோடு எனக்கு வழக்கு.

ஆன்டனி மான் இயக்கிய ‘வின்செஸ்டர் 73’ 1950இல் வந்தது. 1876 ஜூலை 4, டாட்ஜ் சிட்டி. ஊருக்குள் வருகிற எல்லோருடைய துப்பாக்கியையும் காவல் அதிகாரி வையாட் எர்ப் வாங்கி வைத்துவிடுகிறார். மதுக்கடைக்குள் நுழையும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், தான் தேடிவந்த ஆளைப் பார்க்கிறார். அவனும் பார்க்கிறான். இரண்டு பேருடைய கைகளும் ஒரே நொடியில் இடுப்புக்குப் போகின்றன. அங்கே ஒன்றும் இல்லை. வசனமே வேண்டாம், அந்த வெறுங்கைகளே இருவருக்கும் இடையிலுள்ள பகையைச் சொல்லிவிடும். அதுவரை சாதுவான, கூச்ச சுபாவக்காரராகவே மக்கள் மனதில் பதிந்திருந்தவர் ஸ்டூவர்ட். இதே படத்தில் இன்னொரு போக்கிரியின் கையை முறுக்கி, முகத்தை மதுக்கடை மேடையோடு வைத்து அழுத்துகிறார் பாருங்கள், அந்தக் கண்களில் தெரிவது வீரம் இல்லை, வெறி. கடைசியில் அவர் பாறைகளுக்கிடையே துரத்திச் சுடுவது தன் சொந்தச் சகோதரனை. தந்தையைக் கொன்றவன் அவன்தான். ஜெயித்தவன் களைத்துப்போய்த்தான் திரும்பி வருகிறான்.

கட்டுரையில் பெயர்கூட இடம்பெறாத படம் ஹென்றி கிங் இயக்கி 1958இல் வந்த ‘தி பிராவடோஸ்’. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த விடுபடல் இது. கதையைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்ல முடியாது. படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

கிரிகரி பெக் ஒரு பண்ணைக்காரர். மனைவியைக் கெடுத்துக் கொன்ற நான்கு பேரை மாதக்கணக்கில் தேடி அலைகிறார். அந்த நால்வர் வேறொரு குற்றத்துக்காகத் தூக்குத்தண்டனை பெற்று ஒரு சிற்றூர்ச் சிறையில் இருப்பது தெரிந்து, அவர்கள் தொங்குவதைக் கண்ணால் பார்க்க வருகிறார். சட்டமே இல்லாத இடம் என்ற சாக்கு இங்கே செல்லாது என்பதைக் கவனியுங்கள். சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது, தூக்குமரமும் தயார். ஆனால் நால்வரும் ஒரு பெண்ணைப் பிணையாக இழுத்துக்கொண்டு தப்பிவிடுகிறார்கள். பெக் துரத்துகிறார். பிடிபட்டவனிடம் மனைவியின் படத்தை நீட்டுகிறார். இவளை நான் பார்த்ததே இல்லை என்று அவன் மன்றாடுகிறான். பெக் நம்பவில்லை. அடுத்தவனுக்கும் அதே படம், அதே பதில், அதே முடிவு. முதலில் நாமும் நம்புவதில்லை. கொலைகாரன் வேறென்ன சொல்வான் என்று அவரோடு சேர்ந்து நாமும் குதிரை ஓட்டுகிறோம்.

நான்காமவனின் வீட்டில்தான் இடி விழுகிறது. அவனிடம் இருக்கிற பணப்பை பெக்கின் வீட்டில் திருடுபோனது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வழியில் தன் கூட்டாளி கொன்ற ஒருவனிடமிருந்து எடுத்தேன் என்கிறான். அந்த ஒருவன் பெக்கின் பக்கத்து வீட்டுக்காரன். மனைவியைக் கொன்றவன் அவன்தான். அப்படியானால் அந்த மூன்று பேர்? அவர்கள் உத்தமர்கள் அல்ல, வேறு கொலைகளுக்காகத் தூக்கில் தொங்க வேண்டியவர்கள்தான். ஆனால் பெக் எந்தக் குற்றத்துக்காக அவர்களைக் கொன்றாரோ அதை அவர்கள் செய்யவில்லை. ஊருக்குத் திரும்பி நேராகத் தேவாலயத்துக்குள் போய்ப் பாதிரியாரிடம் ஒப்புக்கொள்கிறார். வெளியே ஊரே திரண்டு அவரை வாழ்த்துகிறது, நன்றி சொல்கிறது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. கட்டுரையாளர் சொல்லும் ஊர்க் கைதட்டல் இந்தப் படத்திலும் இருக்கிறது, அது யார் நெஞ்சில் எப்படிக் குத்துகிறது என்பதுதான் விஷயம். படத்தில் காதல் பகுதி சப்பென்று இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: அண்ணன் மகளைச் செவ்விந்தியர்களிடமிருந்து மீட்கும் வீரனின் கதை என்று. ஜான் வெய்ன் செய்யும் ஈத்தன் என்ற பாத்திரம் பாதிப் படத்துக்குமேல் அந்தப் பெண்ணைத் தேடுவது மீட்க அல்ல, கொல்ல. கொமான்சி என்ற அந்தச் செவ்விந்திய இனத்தாரோடு வாழ்ந்துவிட்டாள், இனி அவள் நம்மவள் இல்லை என்பது அவன் கணக்கு. தொடக்கத்திலேயே, புதைத்துக் கிடந்த ஒரு கொமான்சியின் பிணத்தைத் தோண்டி, அதன் இரண்டு கண்களிலும் சுடுகிறான். கண் இல்லாதவன் ஆவியுலகத்துக்குள் நுழைய முடியாமல் காற்றோடு அலைவான் என்பது அவர்கள் நம்பிக்கையாம். எதிரியின் நம்பிக்கையை இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருப்பதே அவனைக் காயப்படுத்தத்தான். இன்னொரு பக்கம், கொமான்சித் தலைவன் ஸ்காரும் பழிவாங்குகிறவன்தான். வெள்ளையர்கள் தன் இரண்டு மகன்களைக் கொன்றதை அவனே சொல்கிறான். ஃபோர்டு இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து, ஆளுக்கு ஆள் கண்ணாடியாக்குகிறார். கடைசியில் ஸ்காரைக் கொல்கிற வாய்ப்புகூட ஈத்தனுக்குக் கிடைப்பதில்லை. வேறொருவன் முந்திக்கொள்கிறான். இவனுக்கு மிஞ்சுவது செத்தவனின் தலைத்தோலை அறுப்பது மட்டும்.

இந்தப் படத்தின் மேல் எனக்கும் குறை உண்டு. ஸ்காராக நடித்தவர் ஹென்றி பிராண்டன், ஜெர்மனியில் பிறந்த வெள்ளையர். மற்ற கொமான்சிகளாக வருபவர்கள், படம் பிடித்த மான்யூமென்ட் வேலியைச் சொந்த மண்ணாகக் கொண்ட நவாஹோ என்ற வேறோர் இனத்து மக்கள். ஸ்காரின் பழிக்கு இரண்டு வசனம், ஈத்தனின் பழிக்கு முழுப் படம். கட்டுரையாளர் இதைச் சாடியிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன்.

லியோனியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) படத்தில் சார்லஸ் பிரான்சன் எதற்காக ஹென்றி ஃபோண்டாவைத் துரத்துகிறார் என்பதைக் கடைசித் துப்பாக்கிச் சண்டை வரைக்கும் ஒளித்து வைத்திருப்பார். நீ யார் என்று ஃபோண்டா கேட்கும்போதெல்லாம் செத்தவர்களின் பெயர்தான் பதிலாக வரும். கழுத்தில் சுருக்கோடு நிற்கும் அண்ணனைத் தோளில் தாங்கி நிற்கிற சிறுவயது பிரான்சனின் வாயில் ஃபோண்டா மௌத் ஆர்கனைத் திணிக்கும் காட்சியை யாரால் மறக்க முடியும்? ஆனால் பழிவாங்க அலைகிறவன் உள்ளே காலியாகிப்போனவன் என்ற கருத்து அவர் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்கர்கள் போட்ட பாதை அது, அவர் அதில் ஒரு ஓபராவை நடத்தினார்.

இன்னொரு தகவல் பிழை. டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டை, தம்பி ஜேம்ஸின் கொலைக்கு எர்ப் சகோதரர்கள் வாங்கிய பழி என்று கட்டுரை சொல்கிறது. அது ஃபோர்டின் ‘மை டார்லிங் கிளமென்டைன்’ (1946) படத்தின் கதை. நிஜத்தில் ஜேம்ஸ் எர்ப், வையாட்டுக்கு அண்ணன். 1926 வரை உயிரோடு இருந்தவர். சண்டை நடந்தது 1881 அக்டோபர் 26. பழிவாங்கும் படலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 1882 மார்ச்சில் இன்னொரு சகோதரர் மார்கன் எர்ப் சுட்டுக் கொல்லப்பட்டதும், சட்ட அதிகாரி என்ற பட்டயத்தோடு வையாட் ஆட்களைத் தேடித் தேடிக் கொன்றார். முடிவில் அவர் மேலேயே கொலை வழக்கில் பிடிவாரண்ட் பிறக்க, அரிசோனாவை விட்டே வெளியேறினார். ஃபோர்டு எடுத்த அழகான படத்தைவிட இது இருண்ட கதை.

‘ஷோலே’ இந்திப் படத்தை லியோனியின் வாரிசாகக் கட்டுரை குறிப்பிட்டது சரிதான், குடும்பத்தைக் கொல்லும் காட்சி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தாக்கூர் தன் காலாலேயே கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்வதாக எடுத்த முடிவை 1975இல் நம் தணிக்கைக் குழு ஏற்கவில்லை, போலீஸ் வந்து கைது செய்வதாக மாற்ற வேண்டியிருந்தது. ஹாலிவுட் அந்த விதிகளைக் கைவிட்டு ஏழு வருடம் கழித்து!

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ‘தி பிராவடோஸ்’ படத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.கே. கோரல் பற்றிய திருத்தத்தையும் அதே இடத்தில் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை