மங்கலாக எடுத்தால் ஓவியம் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைப்படம் ஓவியம் போல இருக்கலாமா என்று கேட்டு, சென்ற இதழில் வந்த கட்டுரை ‘தாராளமாக இருக்கலாம்’ என்று முடிகிறது. முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சொன்ன வழிதான் இடிக்கிறது. ஃபோகஸைக் கொஞ்சம் தவறவிட்டு, மீதியை ஃபில்டரிடம் விட்டுவிடச் சொல்கிறார் கட்டுரையாளர். அப்படிச் செய்தால் கெட்டுப்போன புகைப்படம்தான் மிஞ்சும்.

புகைப்படத்தை ஓவியம்போல் ஆக்க முயன்ற பிக்டோரியலிஸ்டுகளின் பழைய படங்களில் தெரியும் மென்மை ஃபோகஸ் தவறி வந்ததல்ல. அவர்களில் பலர் பயன்படுத்திய சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் கோளப் பிறழ்ச்சியை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டிருப்பார்கள். அதாவது, லென்ஸின் நடுப்பகுதி வழியே வரும் ஒளி ஓரிடத்திலும், விளிம்பு வழியே வரும் ஒளி வேறிடத்திலும் குவியும். அதனால் இமைமயிர் தெளிவாகவே விழும், அதன்மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படரும். ஃபோகஸ் தவறிய படத்தில் அந்தத் தெளிந்த உள்கோடே இருக்காது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 4-இல் அகலத் திறந்தால் படரும் ஒளி எஃப் 8-க்குச் சுருக்கியதும் ஏறக்குறைய மறைந்துவிடும், சுருங்கிய துளை லென்ஸின் விளிம்பை மூடிவிடுவதால். அப்பர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் புள்ளியும் நகரும். ஆகவே எந்த அப்பர்ச்சரில் எடுக்கிறோமோ அதிலேயே வைத்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கணினியில் படத்தின் நகல் ஒன்றை மேலடுக்காக வைத்து மங்கலாக்கி, 30, 40 சதவீதம் கலந்தால் கிட்டத்தட்ட இதே தோற்றம் வரும். ஆனால் ஜேபெக் கோப்பில் செய்தால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்துக்குப் பதில் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். அந்தக் கோப்பில் எரியும் விளக்குக்கும் வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஒரே 255தான், அதில் பதியக்கூடிய உச்ச வெண்மை அதுவே. விளக்கின் பல மடங்கு பிரகாசம் ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. லென்ஸ் அப்படியில்லை, வெட்டுப்படும் முன்பே ஒளியைப் பரப்பிவிடுகிறது. இதற்கு, லென்ஸின் முன் மாட்டும் பழைய யுவி ஃபில்டர் கண்ணாடி ஒன்றில் நடுவை விட்டு ஓரங்களில் வாசலினை மெலிதாகத் தடவி எடுப்பதே மேல். தப்பித்தவறியும் லென்ஸ் கண்ணாடியில் தடவிவிடாதீர்கள்.

படத்தைத் தீட்டியதுபோல் மாற்றும் கணினித் தூரிகை ஃபில்டர்கள் வேறு ரகம். ஓவியர் கன்னத்தின் வளைவோடு தூரிகையை இழுப்பார், பின்சுவரை இரண்டே இழுப்பில் முடித்துவிட்டுக் கண்ணுக்குத் திரும்புவார். ஃபில்டருக்குக் கண்ணும் செங்கல்லும் ஒன்றுதான். மாறுபாடு அதிகமுள்ள செங்கல் சுவரில் தீற்றல்கள் நுணுக்கமாகக் குவியும். முகம் வழவழத்து மெழுகுப் பொம்மையாகிவிடும்.

கைவேலைதான் வேண்டுமென்றால் கம் பிரிண்ட் இருக்கிறது, பிசினும் நீர்வண்ணமும் கொண்டு கையால் அச்சிடும் பழைய முறை. கருவேலம் பிசின் கரைசலும் 10 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் சம அளவு, அதில் டியூபிலிருந்து கொஞ்சம் நீர்வண்ணம். இதை ஜெலட்டின் பூசிய தடித்த காகிதத்தில் மெலிதாகத் தடவி, இருட்டில் உலர்த்தி, படத்தின் அளவே உள்ள நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்ட வேண்டும். ஒளி பட்ட பிசின் இறுகும், படாதது தண்ணீரில் கரையும். அரைமணி நேரம் தண்ணீரில் முகம் குப்புற மிதக்கவிட்டால் படம் தானே வெளிவரும். ஈரமாக இருக்கும்போதே மெல்லிய தூரிகையால் தேவையில்லாததைத் துடைத்தெடுக்கலாம். அந்தத் துடைப்புதான் இங்கே ஓவியரின் கை. வண்ணம் கூடினால் வெள்ளைப் பகுதியில் கறை நிற்கும், பூச்சு தடித்தால் செதில் செதிலாக உரியும். ஒரு பூச்சில் இருட்டுப் பகுதிக்கு ஆழம் வராது, மூன்று நான்கு பூச்சு வேண்டும். முதலிலேயே காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சுருங்கவிடாவிட்டால் இரண்டாம் பூச்சில் நெகட்டிவ் பொருந்தாது. டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கட்டுரையில் இந்த முறைக்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

புகைப்படம் கலையா என்ற இந்தச் சண்டை பழசு. 1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை ஒட்டி ஒரு மரணப்படுக்கைக் காட்சியை உருவாக்கினார். அந்த ஒட்டுவேலையை 1889-இல் இன்னொரு புகைப்படக்காரரான பீட்டர் ஹென்றி எமர்சன் தாக்கினார். கண் பார்க்கும் மென்மையே கலை என்றவர், இரண்டே ஆண்டில் புகைப்படம் கலையே அல்ல என்று பல்டி அடித்தார்!

கடைசியாக ஒரு திருத்தம். 1932-இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் தங்கள் குழுவுக்கு, மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எஃப் 64 என்று பெயர் வைத்ததைச் சொல்லி, தெளிவு வேண்டுவோர் அப்பர்ச்சரை முடிந்தவரை சுருக்குங்கள் என்கிறார் கட்டுரையாளர். அது 8-க்கு 10 அங்குல நெகட்டிவுக்குப் பொருந்திய கணக்கு. அதைப் பெரிதாக்காமல் அதே அளவில் அச்சிட்டார்கள். 35 மிமீ கேமராவில் எஃப் 16-ஐத் தாண்டினாலே விளிம்பு விளைவால், அதாவது சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், படம் மங்கத் தொடங்கும். எஃப் 8 அல்லது 11 போதும். அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்