குட்டியை வந்து அழைத்துப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். குட்டிக்குச் சளி இறங்கிவிட்டது, நேற்றிலிருந்து பழையபடி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால்தான் கடிதம்.

போன அக்டோபரில் நீயும் மாப்பிள்ளையும் என்னை உங்கள் பாஸ்டன் பக்கத்துப் பிளைமவுத்துக்கு அழைத்துப் போனீர்களே, 1620 என்று செதுக்கிய பாறையைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து மாதிரியில் கட்டி வைத்திருந்த வீடுகளுக்குள் நுழைந்தோமே. இருட்டு, மண் தரை, அடுப்புப் புகை. குட்டி இருமினான் என்று நீ அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அடுத்த வாரமே அவனை நான் கும்பகோணத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவள் நான். 1620-இல் அமெரிக்காவில் குடியேறப் போனவர்களின் கப்பலைப் பற்றி 'மேஃப்ளவர், 102 பயணிகள்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு சரி. அந்த மாதிரி வீடுகளில் இருந்தவர்கள் யார் என்று ஊருக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

பிளைமவுத்துக்குப் பல வருஷம் ஆளுநராக இருந்தவர் வில்லியம் பிராட்ஃபோர்டு. மனைவி பெயர் டாரத்தி. இங்கிலாந்துத் திருச்சபை வேண்டாம் என்று பிரிந்து, ஹாலந்தில் லைடன் நகரில் தஞ்சம் புகுந்திருந்த கூட்டம் அது. அவர்களுக்கு ஒரே மகன், ஜான். மூன்று வயது இருக்கும். அவனை ஹாலந்திலேயே விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கடல். அப்புறம் கேப் காட் முனையில் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. புருஷன் குடியேற இடம் தேடிச் சின்னப் படகில் போயிருந்த சமயம், டிசம்பர் 7 அன்று, டாரத்தி கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனாள். அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றைப் பின்னால் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், மனைவி போனதைக் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். அவள் வேண்டுமென்றே விழுந்தாள் என்று கதை கட்டியவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு மாதமாக அந்தத் தளத்தில் நின்று வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தவளின் மனதில் யார் இருந்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1627 மே மாதம் பிளைமவுத்தில் ஆடு மாடுகளைப் பங்கு பிரித்தார்கள். குழுவுக்கு 13 பேராக 12 குழுக்கள். அந்தப் பட்டியலில் ஜான் பெயர் இல்லை. அவனுக்குப் பத்து வயது ஆகியிருக்கும். அப்பா வீட்டில் அப்போது வேறொரு தாய், அவளுக்குப் பிறந்த ஒரு தம்பி, ஒரு தங்கை.

உங்கள் பாஸ்டன் கதையும் இப்படித்தான். 1630-இல் ஜான் வின்த்ராப் என்பவர், திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன் கூட்டத்தோடு கப்பல் ஏறியபோது, மனைவி மார்கரெட் பிள்ளைத்தாய்ச்சி என்பதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டாள். திங்கள், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு இருவரும் அவரவர் இருக்கிற இடத்தில் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் மாதிரி, ஆனால் குரல் இல்லை, முகம் இல்லை. அவருடைய மகன் ஹென்றி கரை இறங்கிய கையோடு தண்ணீரில் மூழ்கிப் போனான். அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 200 பேர் செத்தார்கள். பலருக்கு ஸ்கர்வி, காய்கனி இல்லாமல் வரும் நோய். பிப்ரவரியில் ஒரு கப்பல் எலுமிச்சைச் சாறு கொண்டு வந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்கள். நம் கொல்லையில் எலுமிச்சை உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அதுதான் ஞாபகம் வருகிறது. மார்கரெட் 1631 நவம்பரில் வந்து சேர்ந்தாள். அவர் முகமே பார்க்காத அந்தப் பெண் குழந்தை வழியில் கடலிலேயே இறந்துவிட்டது.

இன்னொரு பிள்ளையையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பிளைமவுத்காரர்களோடு 1621-இல் உடன்படிக்கை செய்து, அவர்களைப் பிழைக்க விட்டவர், அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட். அவர் மகன் மெட்டகாம் 1675-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போருக்கு எழுந்தார். பிளைமவுத் படைக்குத் தலைமை தாங்கியவன் யார் தெரியுமா? பிராட்ஃபோர்டு மகன் ஜானின் அந்தத் தம்பிதான். மெட்டகாமைக் கொன்ற பிறகு, ஒன்பது வயதுதான் இருக்கும் அவர் மகனை என்ன செய்வது என்று பாதிரியார்கள் வேதத்தைப் புரட்டி விவாதித்தார்கள். கடைசியில் அடிமையாக விற்றுக் கடல் கடத்தி விட்டார்கள். அதைப் படித்த இரவு எழுந்து போய்க் குட்டி போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

உன்னை அவர்களோடு வைத்துப் பேசவில்லை, அம்மாடி. உனக்கு வேலை, மாப்பிள்ளைக்கு விசா, டேகேரில் சேர்க்கப் பணம் இல்லை, அதனால்தான் நானாகக் கேட்டு அவனைத் தூக்கி வந்தேன். ஆனால் இப்போது நீ, பெரிய வீடு பார்த்ததும், கிரீன் கார்டு வந்ததும் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாய். டாரத்தியும் ஊன்றி நின்றதும் அழைத்துக்கொள்ளலாம் என்றுதானே நினைத்திருப்பாள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன் கேள். அப்பா போனைச் சார்ஜில் போட்டால், குட்டி தன் துண்டை எடுத்து வந்து அதன் மேல் போர்த்துகிறான். "அம்மா தூங்குது, சத்தம் போடாதீங்க" என்கிறான். போன மாதம் வரை சிரித்தோம். இப்போது எங்களால் சிரிக்க முடியவில்லை.

ஜூனில் வா. எங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று யோசிக்காதே. இருக்கத்தான் செய்யும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பணம் குறைந்தால் என் பென்ஷனிலிருந்து டிக்கெட் போடுகிறேன், மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

இந்தத் தாளின் பின்பக்கம் அவன் வலது காலை வைத்துப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். ஆடிவிட்டான், சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும். குளிர்காலத்துக்குள் கால் வளர்ந்துவிடும், பனிக்குப் போடும் பூட்ஸை ஒரு விரற்கடை பெரிதாகவே வாங்கி வை.

அன்புடன்,
அம்மா