கால் சில்லிடும் வீடு

அன்புள்ள ராசா,

ஹீட்டரை 26-இல் வைத்தும் கால் சில்லிடுகிறது, பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று நேற்று போனில் அலுத்துக்கொண்டாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இயற்பியல் டீச்சர் ஓய்வுபெற்றாலும் வாய் ஓய்வுபெறவில்லை, பொறுத்துக்கொள்.

முதலில் அந்தத் தெர்மோஸ்டாட்டை, அதுதான் எத்தனை டிகிரி வேண்டும் என்று நீ வைக்கும் கருவி, இறக்கு. கூட்டி வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகும் என்பது உன் கணக்கு. பெரும்பாலான ஹீட்டர்கள் 20-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் சூடாக்கும். எந்த இடத்தில் நிற்கும் என்பது மட்டும்தான் மாறும். வீடு வெப்பத்தை இழப்பதோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள். 26 டிகிரி வீடு 26 பங்கு இழக்கும் நேரத்தில் 20 டிகிரி வீடு 20 பங்குதான் இழக்கும். ஏறக்குறைய கால்வாசி மிச்சம். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக் கிடக்காதே. வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லியிருக்கிறது. கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அதற்கும் மேலே வேண்டியிருக்கும்.

"26-இலேயே கால் விறைக்கிறது, 20-க்கு இறக்கச் சொல்கிறாயே" என்பாய். விறைப்பது ஹீட்டர் போதாமல் இல்லை. சூடான காற்று லேசு. அது மேலே ஏறி, பரண் மூடியின் ஓரம், மேற்கூரையில் விளக்குக்கும் வயருக்கும் போட்ட ஓட்டை என்று கிடைத்த வழியில் வெளியேறிவிடும். போன காற்றின் இடத்தை நிரப்ப, வாசல் கதவின் அடியிலும் தரையோரச் சந்திலும் வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றுதான் உன் காலைத் தொடுகிறது. நீ ஹீட்டரைக் கூட்டக் கூட்ட இந்த இழுவையும் கூடும். காசு கொடுத்துக் குளிரை வாங்குகிறாய் என்றே வைத்துக்கொள். கதவடியில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு மேலே உள்ள ஓட்டையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீ மேலிருந்து ஆரம்பி.

காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் சட்டம், கதவு ஓரம், குழாய் சுவருக்குள் போகும் இடம், பரண் மூடி என்று மெதுவாகக் காட்டிக்கொண்டே போ (திரைச்சீலையிலிருந்து தள்ளி). புகை சாய்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வை. திறந்து மூடும் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒட்டு ரப்பர் பட்டை, கதவடிக்கு பிரஷ் பட்டை, அசையாத விரிசலுக்கு சீலன்ட். வாடகை வீடு என்பதால் சுவருக்குள் வெப்பக் காப்பு நிரப்புவது வீட்டுக்காரர் பொறுப்பு. கேட்டுப் பார், கேட்பதில் நஷ்டமில்லை. ஆனால் கேஸ் ஹீட்டருக்கும் அடுப்புக்கும் காற்று போக வைத்திருக்கும் துவாரத்தை மட்டும் அடைக்கவே கூடாது.

உன் மேசை ஜன்னலை ஒட்டிக் கிடப்பதை வீடியோவில் பார்த்தேன். நகர்த்து. காற்று 22 டிகிரி இருந்தாலும், பக்கத்தில் சில்லிட்ட கண்ணாடி இருந்தால் உன் உடம்புச் சூடு கதிர்வீச்சாக அதற்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் கிடைக்கும். ஒட்டினால் கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே அசையாத காற்று தங்கி, இரட்டைக் கண்ணாடி போலக் கொஞ்சம் தடுக்கும். வெயில் விழும் பக்கத்துத் திரையைப் பகலில் திறந்து, இருட்டும்போது மூடிவிடு. ரேடியேட்டர் (சுவரோரம் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்குமே, அது) உன் வீட்டில் இருந்தால் அதன் மேல் திரை தொங்கக் கூடாது, சோபா முதுகும் அதை மறைக்கக் கூடாது. ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் ஆறிக் கிடந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டரை அணைத்து முழுதும் ஆறிய பிறகு திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்றிவிடு.

இனி நீ கேட்காத ஒன்று. படுக்கையறை மூலையில் கறுப்பாகப் படர்ந்திருந்ததே, அது அழுக்கு இல்லை, பூஞ்சை. 20 டிகிரி காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துக் கட்டும். வெளிச்சுவர் மூலை, அலமாரிக்குப் பின்பக்கம், ஜன்னலடி எல்லாம் அப்படிக் குளிர்ந்த இடங்கள். பூஞ்சைக்கு அந்த முத்துகூட வேண்டாம், சுவர் நமத்துப்போனாலே போதும். ஈரம் எங்கிருந்து வருகிறது? குளியல், சமையல், உன் மூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நீ அறைக்குள் காயப்போடும் துணி. துணியிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் காற்றில் கலக்கிறது. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, அங்கே காயப்போடு. தினம் இரண்டு முறை எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடத்தில் மூடிவிடு. காற்று மாறிவிடும், சுவரும் தரையும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அறை சீக்கிரம் தேறிவிடும். நாள் முழுக்க ஒரு கீற்று திறந்து வைப்பதுதான் வீண், அந்த ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரும் குளிர்ந்துபோகும். அலமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு.

விளம்பரத்தைப் பார்த்து அந்தச் சின்ன மின்சார ஹீட்டரை வாங்காதே. 1500 வாட் ஹீட்டர் எந்த அழகில் இருந்தாலும் தருவது அதே 1500 வாட் சூடுதான். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட் போச்சு. மின்சாரப் போர்வை ஏறக்குறைய 100 வாட்டில் வேலையை முடித்துவிடும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது சுலபம்.

கரி அடுப்பையோ கேஸ் ஓவனையோ குளிர்காயக் கொளுத்தாதே. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கான அலாரம் வீட்டில் இல்லையென்றால் ரப்பர் பட்டைக்கு முன்னால் அதை வாங்கு. ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அடியோடு அணைக்கவும் வேண்டாம். குழாயில் நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், குழாய் தாங்காது.

வேலைக்குப் போகும்போதும் தூங்கும்போதும் இரண்டு மூன்று டிகிரி இறக்கி வைக்கலாம். ஆனால் உன் வீட்டில் இருப்பது நீரைச் சூடாக்கி ஓடவிடும் பாய்லரா, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்துக் கொண்டுவரும் ஹீட் பம்ப்பா என்று நீ சொல்லவேயில்லை. ஹீட் பம்ப் என்றால் ரொம்ப இறக்காதே. திரும்பி வந்து ஒரேயடியாக ஏற்றினால், சிலவற்றில் உள்ளே இருக்கும் சாதாரண மின்கம்பிச் சுருள் ஓட ஆரம்பித்து மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். வெளியே ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா