கண் சிறுத்தால் ‘கண் மரபணு’ ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு,

ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் ஒரு புரதத்தைத் தடுத்ததும் வரிக்குதிரை மீன் கருவின் கண் சிறுத்துப்போனது. ஆகவே அது ‘கண்ணை உருவாக்கும் மரபணு’ என்று உங்கள் அறிவியல் பக்கம் எழுதியிருந்தது. சோதனை சரி, முடிவு தவறு.

மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலில் இறுதிவரை தங்காத துண்டுகளான இன்ட்ரான்களை நறுக்கி எறிந்து, தங்கும் துண்டுகளான எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசோசோம் எல்லாச் செல்லுக்கும் பொதுவான இயந்திரம். அதில் ஒரு பாகம் பழுதானாலும் கரு முதல் நாளே சாகாததற்குக் காரணம் தாய்ச்சீர். முட்டைக்குள் தாய் வைத்தனுப்பும் புரதமும், புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வும்தான் தொடக்கத்தில் வேலை பார்க்கின்றன. 28.5 டிகிரி செல்சியஸில் வளரும் கரு, சுமார் 3 மணி நேரத்தில்தான் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்கும். சீர் தீரத் தீர, வேகமாகப் பிரியும் செல்கள் முதலில் அடிவாங்கும். மூளையும் கண்ணும் அப்படிப்பட்டவை. நீங்கள் வெளியிட்ட படத்திலேயே தலை முழுவதும் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது: செல்கள் கொத்தாகச் சாவதன் அடையாளம்.

‘காலிபன்’ என்ற விகாரி (மரபணு கெட்ட) வரிக்குதிரை மீன் இதற்கு நல்ல சான்று. அதில் கெட்டிருப்பது ஆர்.என்.பி.சி.3 மரபணு, நூற்றில் ஒன்றுக்கும் குறைவான, அரிய வகை இன்ட்ரான்களை நீக்கும் இயந்திரத்தின் பாகம் அது. பாதிப்பு பளிச்சென்று தெரிவது குடல், கல்லீரல், கணையத்தில். அதற்காக அதைக் குடல் மரபணு என்று யாரும் சொல்வதில்லை.

மரபணுவைத் தடுப்பதற்குப் பயன்படும் மார்ஃபோலினோவும் (ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதை மறைக்கும் செயற்கை இழை) ஏமாற்றும். 25 எழுத்து நீளமுள்ள இதை ஒற்றைச் செல் நிலையில் ஏறத்தாழ 1 நானோலிட்டர் செலுத்துவார்கள். எக்ஸான்-இன்ட்ரான் எல்லையை மறைக்கும் வகை, தாய் தந்த தூது ஆர்.என்.ஏ.வைத் தொடாது, அது ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டது. எல்லை மறைந்தால் ஒரு எக்ஸான் விடுபடலாம், அல்லது இன்ட்ரான் நீக்கப்படாமல் தங்கலாம். விடுபடும் எக்ஸானின் நீளம் மூன்றால் வகுபட்டால் வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வரிசை) குலையாது, பாதி வேலை செய்யும் புரதம் உருவாகிவிடலாம். இருபுறத்து எக்ஸான்களிலும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வைத்து, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். செய்து, கிடைக்கும் துண்டுகளின் நீளத்தைப் பட்டைகளாகப் பார்க்க வேண்டும். நீக்கப்படாமல் தங்கிய இன்ட்ரான் மிக நீளமென்றால் புதுப் பட்டை தெரியாது, பழைய பட்டை மங்கும், அவ்வளவுதான். அப்போது இன்ட்ரானுக்குள்ளேயே ஒரு பிரைமர் தேவை.

இலக்கு தவறிய மார்ஃபோலினோவும், பழுதான செல்லைச் சாகவைக்கும் பி53 புரதத்தைத் தூண்டி இதே சின்னத் தலையையும் சின்னக் கண்ணையும் தரும். பி53-ஐ அடக்கிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது: ஸ்ப்ளைசிங் (வெட்டி ஒட்டும் வேலை) கெட்டாலும் பி53 விழித்துக்கொள்ளும். இன்ட்ரான் இல்லாத தூது ஆர்.என்.ஏ.வைச் சேர்த்துச் செலுத்தும்போது கரு தேறுகிறதா, மரபணு கெட்ட விகாரி மீனிலும் அதே குறை வருகிறதா என்ற இரண்டும்தான் நம்பத்தக்க சோதனைகள். கட்டுரையில் இரண்டும் இல்லை.

மனிதரில் பி.ஆர்.பி.எஃப்.31 மரபணுவின் ஒரு பிரதி கெட்டால் விழித்திரை நலிந்து பார்வை குறைவது உண்மை. ஆனால் அங்கே கண் ஒழுங்காக உருவாகி, பிறகுதான் ஒளியுணர் செல்கள் அழிகின்றன. கண் உருவாவதில் வரும் குறையையும், உருவான கண் பிறகு நலிவதையும் கட்டுரை ஒன்றாக்கிவிட்டது.

இப்படிக்கு,
வளர்ச்சி உயிரியல் ஆய்வு வாசகர்கள்