மாற்று மருந்து கொடுங்கள்: மாநில மனநல ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மருத்துவமனைக்குள் புகை கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மறுப்பில்லை. தடை போட்டுவிட்டு, புகை ஏக்கத்தைத் தணிக்கும் மாற்று மருந்தும் தராமல் நோயாளியைக் கைவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியாராக இருந்த என் அண்ணன், இளவயதிலிருந்தே கட்டுக் கட்டாகப் பீடி பிடிப்பவர். மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்த்தபோது வாசலிலேயே பீடிக்கட்டை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு எதுவும் தரவில்லை. அடுத்த முறை நான் போனபோது அண்ணன் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டினால் அரை பீடி, கழிவறை கழுவினால் முழு பீடி என்று அட்டெண்டர் கணக்கு வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அண்ணன் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "பீடி கொண்டாந்தியா தம்பி?" என்றுதான் கேட்டார்.

நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. நீங்கள் அறியாததல்ல. அரை பீடியா ஊதியம்?

அண்ணன் சாப்பிடுவது க்ளோசபின் என்ற மனநோய் மாத்திரை. புகை பிடிப்பவர் உடம்பில் அது சீக்கிரம் கரைந்துவிடும். புகை குறைந்தால் அதே மாத்திரை இரத்தத்தில் ஏறும்; எச்சில் வடியும், தூக்கம் அழுத்தும், வலிப்புகூட வரலாம். சேர்க்கும்போதே இதைக் கேட்டு மருந்தின் அளவைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. எச்சில் வடிவதை நான் காட்டியபோது, "இந்த நோய்க்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள். எதைச் சொன்னாலும் நோயின் மேல் போட்டுவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உடல்நோய்க்காரருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்வது யாருக்காக?

புகார் கொடுக்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த மறுநாளும் அண்ணன் அதே அட்டெண்டர் கையால்தான் சோறு வாங்க வேண்டும். அதனால்தான் மருத்துவமனையின் பெயரை எழுதாமல் இந்த மடல்.

தடை இருக்கட்டும், மாற்று கொடுங்கள். நிக்கோட்டின் மாற்று மருந்து 2022இலேயே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சேர்க்கும் நாளிலேயே புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதவும், அன்றே மாற்று மருந்து தொடங்கவும், க்ளோசபினோ, அதைப் போலவே புகையால் அளவு மாறும் ஓலான்சபினோ சாப்பிடுபவர்களுக்கு அளவைச் சரிபார்க்கவும் எல்லா மனநல நிலையங்களுக்கும் உத்தரவிடுங்கள். பீடி காட்டி வேலை வாங்குவதை நிறுத்துங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வார்டுக்குள் வந்து பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி