செயலாளர் ஆண்டறிக்கை: கடற்கழுகுக் கூடும் ஒரு பழைய சவுக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பிச்சாவரத்துக்கு இரண்டு முறை போய்வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, நம் கடலூர்க் கரையில் கூடு கட்டிய வெண்வயிற்றுக் கடற்கழுகு இணையைப் பற்றி.

பலர் இதைச் செம்பருந்து என்றே நினைத்தார்கள். செம்பருந்துக்கு முதுகு செங்கல் நிறம், இதற்குச் சாம்பல். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர் வரும். ஐப்பசியில் பழைய கூட்டுக்கே திரும்பி வந்து, மேலே புதுக் குச்சிகளை அடுக்கி, பச்சை இலை பரப்பியது. கார்த்திகையில் அடைகாக்க உட்கார்ந்தது. ஏறத்தாழ 40 நாள் கணக்கு. ஒரு நாள் காலையில் ஆண் பறவை கடல்பாம்போடு வந்தது. நம் மீனவர்கள் வலைக்கடியன் என்பார்களே, அதுதான். துடுப்பு போன்ற வால் தொங்கி ஆடியது தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தது. மரத்தடியில் பாம்பின் முதுகெலும்பும் கெளுத்தி முள்ளும் கிடந்தன.

மார்கழியில் சிலர் டிரோன் பறக்கவிட்டார்கள். இரண்டு பறவையும் கூட்டை விட்டு எழும்பிவிட்டன. அவை திரும்பும்வரை காக்கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. நம் வாட்ஸ்அப் குழுவில் இடத்தோடு போட்ட படம்தான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. இது நம் தவறு, பொறுப்பு என்னுடையது. பங்குனியில் ஒரே குஞ்சுதான் பறந்தது. இரண்டில் ஒன்று மட்டும் தேறுவது இந்த இனத்தில் சகஜம் என்றாலும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இங்கேயும் ஊர்ப்பெயர் எழுதவில்லை. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது.

அப்புறம், கூடு இருக்கும் அந்தச் சவுக்கு மரம். சவுக்கை நாலைந்து வருடத்தில் வெட்டிவிடுவார்கள். கழுகு கூடு கட்டும் அளவுக்கு எதுவும் முதிர்வதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதும் விழாமல் நின்ற வரப்போரச் சவுக்கு இது. சித்திரையில் தோப்பு வெட்டுக்கு வந்ததும் ஓடினோம். தோப்புக்காரர், "அது வந்து போறவரைக்கும் மரம் நிக்கட்டும் சார்" என்றார். சுற்றி இரண்டு வரிசையையும் வெட்டாமல் விட்டார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

கூட்டின் இடத்தை யாரும் வெளியே பகிர்வதில்லை என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முறை வைத்துக் காவல் இருக்கப் போகிறோம். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்